பதினைந்து வாட் இரவு

மனிதர்களில் ‘வெளிச்சம் போதாது’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேடை என்று ஒன்று எங்கே போட்டாலும், திரை விழுமுன்னும் எழுமுன்னும், மற்றவர்கள் நடிகரைத் தேடும்போது, இவர்கள் கழுத்தை முறித்துக்கொண்டு மேலே தொங்கும் மின்குமிழைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தட்டி, “இது எத்தனை வாட்?” என்பார்கள். நீங்கள் நூறு என்று சொல்லுங்கள், “காணாது” என்பார்கள். ஐந்நூறு என்றாலும் காணாதுதான். சூரியனையே இறக்கிக்கொண்டுவந்து கயிற்றில் கட்டிவிட்டாலும், மற்றப் பக்கத்துக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பார்களே தவிர, போதும் என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வராது.

எல்இடி வந்து இவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பெட்டியில் பெரிய எழுத்தில் அறுபது வாட் வெளிச்சம் என்று போட்டிருக்கும், சின்ன எழுத்தில் ஒன்பது வாட் என்று இருக்கும். கடைக்காரர் பாவம், சிக்கனம் என்று விளங்கப்படுத்துவார். இவர்களுக்கோ அது பட்டப்பகல் களவு. மிச்சம் ஐம்பத்தொரு வாட் எங்கே போனது என்று கடை வாசலில் நின்று கேட்பார்கள். நல்ல மின்குமிழ் என்றால் கை வைத்தால் சுட வேண்டும். சுடாதது எப்படி விளக்காகும்?

எனக்குத் தெரிந்தவர்களில் இந்த இனத்தின் சிகரம், துணுக்காய்ப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத் தலைவர் குகதாசன் அண்ணை. வயலும் கோழிப்பண்ணையும் வைத்திருக்கிறார். அவர் வீட்டு வாசல் படலையில் ஒரு பெரிய விளக்கு, கிணற்றடியில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று. உள்ளே போனவர் வெளியே வந்து, கண் தெளியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குற்றம் மட்டும் சொல்லக் கூடாது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, கரண்ட் இல்லாமல் கல்யாணம் கட்டி, கரண்ட் இல்லாமலே பிள்ளை பெற்ற மனிதர் அவர். இனி எவரும் இருட்டில் இருக்கக் கூடாது என்று உண்மையாகவே நினைக்கிறார். நல்ல மனம்தான். அந்த நல்ல மனத்துக்கு ஒரு சுவிட்ச் இல்லாததுதான் பிரச்சினை.

எங்கள் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற பிரேமிளா ரீச்சர், சனசமூக நிலையத்தின் இந்த வருட விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினார். காரணம் இல்லாமல் எழுதவில்லை. போன சிறுபோகத்தில், வயலுக்குத் தண்ணீர் காணாத நேரம், யாரோ இரவில் வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். விடிந்ததும் ஊர் முழுவதும் ரீச்சரின் தகப்பன் மாயாண்டி ஐயாவைத்தான் திரும்பிப் பார்த்தது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். கள்ளன் இன்றுவரை பிடிபடவில்லை.

நாடகத்திலும் அப்படித்தான். தண்ணீர் களவு போகிறது, ஏழை ஒருவன்மேல் பழி விழுகிறது. அவன் மகள் இருட்டில் வாய்க்கால் வரம்பில் காவல் இருக்கிறாள். மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. அவள் தீக்குச்சியைத் தட்டி உயர்த்துகிறாள். அதில் தெரிகிற முகம், நாடகம் முழுக்க அந்த ஏழையைக் கள்ளன் என்று திட்டித்தீர்த்த பெரியவரின் முகம். குச்சி அணைகிறது. முடிந்தது. அந்த ஒரு குச்சி எரிகிற நேரம் ஊர் வாயடைத்து இருக்க வேண்டும், தன் தகப்பன் மாயாண்டி ஐயா அதைச் சபையில் இருந்து பார்க்க வேண்டும். ரீச்சர் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காக மேடை விளக்குகளையும் அவரே செய்தார். காலியான பால்மாத் தகரப் பேணிகளின் அடியில் ஓட்டை போட்டு, ஹோல்டர் பூட்டி, உள்ளே மின்குமிழ். முன் காட்சிகளுக்கு நூறு வாட். கடைசிக் காட்சிக்கு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நீலத் தாள் கட்டிய இரண்டு பேணிகள். தலைவர் ஒத்திகைக்கு வந்தார். வேறு எதையும் பார்க்காமல் நேரே பேணிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது எத்தனை வாட், ரீச்சர்?”

“பதினைஞ்சு, அண்ணை.”

“பதினைஞ்சோ? இதில கோழிக்குஞ்சும் விறைச்சுச் செத்துப்போகும்.”

“கள்ளன் வாற இரவு, அண்ணை. ஆளின்ர முகம் தெரியக் கூடாது.”

“தெரியாட்டி சனம் ஏன் இவ்வளவு தூரம் வருகுது? வீட்டில கண்ணை மூடிக்கொண்டு படுக்கலாமே.”

ரீச்சர் பொறுமையாக எல்லாம் விளங்கப்படுத்தினார். தலைவரும் பொறுமையாகத் தலையாட்டினார். இந்த இனம் தலையாட்டினால் பயப்பட வேண்டும்.

விழா அன்று நாடகம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கச்சான் கடலை கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசிக் காட்சிக்கு முன் திரை விழுந்தது. ரீச்சர் உள்ளே மகளாக நடிக்கிற கிருசாந்திக்குத் தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டிருந்த அந்தச் சின்ன இடைவெளியில், தலைவர் ஏணியில் ஏறினார். சாரத்தை மடித்துக் கட்டிய மடியில், கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிற இருநூறு வாட் மின்குமிழ்கள் இரண்டு. ரீச்சருக்கு ஒரு உதவி. சொல்லாமல் செய்தால்தானே உதவி.

திரை எழுந்தது. இரவு இல்லை. சித்திரை மாதத்து நண்பகல். வாய்க்கால் என்று விரித்த நீலச் சேலையில் இருந்த தையல்கூடத் தெரிந்தது. நீலத் தாள் சுருண்டு, பேணியில் ஒட்டியிருந்த பழைய பால்மா கருகுகிற மணம் முன்வரிசைக்கு வந்தது. கள்ளனாகப் பதுங்கிப் பதுங்கி வந்த பெரியவர் வேடத்துச் சஜீவன், பதுங்க இடமில்லாமல் வியர்த்து ஒழுகிக்கொண்டு, ஊர் முழுவதும் பார்க்க மண்வெட்டியை எடுத்தான். அந்தப் பகலின் நடுவில் கிருசாந்தி, சொல்லிக்கொடுத்தபடியே, ஒன்றும் தெரியாதவளைப் போலக் கையால் துழாவி, தீப்பெட்டியைத் தேடி எடுத்து, குச்சியைத் தட்டி, இரண்டடி தூரத்தில் நின்ற சஜீவனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஆரடா நீ?”

“உனக்கென்ன கண் தெரியாதே பிள்ளை, அது பெரியவரெல்லே” என்றது கூட்டத்தில் ஒரு குரல். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. பிறகுதான் மூன்றாவது வரிசையில் மாயாண்டி ஐயாவைக் கண்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். போன சிறுபோகத்தில் அவரைப் பார்த்த அதே முகங்கள். எனக்குச் சிரிப்பு நின்று, தலைவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

ரீச்சர் மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார். தலைவர் ஆறுதல் சொல்லப் போனார். நானும் பின்னால் போனேன், இப்போதாவது மனிதர் மன்னிப்புக் கேட்பார் என்று. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உண்மையான துக்கத்தோடு சொன்னார்:

“அழாதேங்கோ ரீச்சர். நாடகம் திறம். அந்தத் தீக்குச்சிதான் பிழை. வாட் காணாது.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். ‘நான் மேடைப் பக்கமே போனதில்லை, எனக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்கிறீர்கள். இருக்கட்டும். போன முறை உங்கள் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளில், கேக்கில் மெழுகுதிரி ஏற்றி, அறை விளக்கை அணைத்து, அந்தக் குழந்தை கண்ணை விரித்து அந்தச் சின்னச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, “படத்தில முகம் விழாது, லைட்டைப் போடுங்கோ” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டதே. அந்தக் குரல் யாருடையது?