குளம்புக்கு வாங்கிய டயப்பர்

சின்ன ஊர் மருந்துக்கடையில் பதில் சொல்லாமல் கூட வந்துவிடலாம். கேள்வி புரியாமல் பதில் சொல்லக் கூடாது. சரவணம்பட்டியில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கும் எனக்கு இந்த ஞானம் தாராபுரத்தில்தான் கிடைத்தது.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் என் மாமியாரின் தோட்டம். அங்கே என் மனைவி கல்பனா பவளம் என்றொரு பெண்குதிரை வளர்க்கிறாள். கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. விருந்துக்கு இலை போடுவதற்கு முன்பே யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள் என்பதால், கல்பனா கல்யாணங்களுக்குப் போவதையே விட்டிருந்தாள். சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு மட்டும் சம்மதித்தாள். மாப்பிள்ளை ஊர்வலம் பவளத்தின் மேல். கயிற்றைப் பிடித்து நடப்பவள் இவள். குதிரைக்குப் பக்கத்தில் வந்து யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் அல்லவா? (உதை வாங்க யாருக்குத்தான் ஆசை?)

அந்த நேரம் பார்த்து, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் நடந்து பவளம் நொண்ட ஆரம்பித்தது. உடுமலையிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா குளம்பின் அடியைச் சுத்தம் செய்து அழுத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் சிவந்திருந்தது. தொட்டதும் பவளம் காலை இழுத்துக்கொண்டது.

"உள்ளங்கால்ல ரத்தம் கட்டியிருக்குதுங்க. வெந்நீர்ல பேதி உப்புப் போட்டு ஊற வைங்க. அப்பறம் தவிட்டுப் பத்துப் போட்டு, குழந்தைங்களுக்குப் போடற டயப்பரைச் சுத்தி டேப் ஒட்டிருங்க. மெத்துனு மண்ணுத் தரையில நிக்கட்டும். இனிமே ஜல்லிப் பக்கமே போகாதீங்க. குளம்பை ஒட்டச் சீவ உடாதீங்க, கல்லு சிக்கியிருக்குதான்னு தெனமும் பாருங்க."

"விசேஷத்துக்கு நடக்குமுங்களா?" கல்பனாவின் குரல் உடைந்திருந்தது.

"அதைக் காலுதானுங்க சொல்லோணும்."

நான் டயப்பர் வாங்கக் கிளம்பினேன். மருந்துக்கடைக்காரர் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம். (அந்தப் பக்கம் யார்தான் சொந்தமில்லை?) டயப்பர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, விசேஷமுங்களா?"

எங்கள் பக்கம் கல்யாணமும் விசேஷம்தான், கர்ப்பமும் விசேஷம்தான். என் மண்டைக்குள் ஊர்வலம் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க. அடுத்த மாசம்."

"அடுத்த மாசமா! ஒரு வார்த்தை சொல்லலீங்களே! கல்பனா எப்படி இருக்குதுங்க?"

"ஒரே அழுகைங்க. நடந்தாப் போதும்னு வேண்டிட்டிருக்கா."

"எல்லாம் நல்லபடியா நடக்குமுங்க!"

என்ன நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். என்னைப் போல ஒரு மடையன் அன்று தாராபுரத்தில் இன்னொருவன் இருந்திருக்க முடியாது.

சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது. கல்பனாவின் பெரியம்மா இறங்கினார். கையில் தட்டு, அதில் பூ, இனிப்பு, கண்ணாடி வளையல். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நேராகக் குதிரைக் கொட்டாய்க்கே வந்துவிட்டார்.

அங்கே கல்பனா பவளத்தின் காலை மடியில் வைத்து டயப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். பெரியம்மா டயப்பரைப் பார்த்தார். கல்பனா வளையலைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவள் எதைக் கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் ஒதுங்கியிருந்தாளோ, அதைத் தட்டில் வைத்து நானே வரவழைத்திருந்தேன்.

பெரியம்மா தட்டைக் கீழே வைத்தார். "கேட்டுக் கேட்டே உன்னையக் கொட்டாய்க்குத் தொரத்திப்போட்டமா, கண்ணு?"

கல்பனா டயப்பரின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். பிறகு, "டேப்பைக் கிழிச்சுக் குடுங்க பெரிம்மா" என்றாள்.

பட்டுச் சேலையோடு அவர் சாணித் தரையில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுத்தார். கட்டு முடிந்ததும் வளையல்களை எடுத்துக் கல்பனாவின் கையில் போட்டார். "வளையல் போட விசேஷம் எதுக்குங் கண்ணு?" அப்போதுதான் கல்பனா அழுதாள். அழுகை எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே பவளம் நொண்டாமல் நடந்தது. ஆனால் ஆள் ஏறக் கூடாது என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை காரில் வர, பவளம் பின்னால் சும்மா நடந்து வந்தது. கல்பனாவிடம் வந்த சொந்தங்கள் அத்தனை பேரும், "குதிரைக்குக் காலு தேவலைங்களா?" என்று மட்டும்தான் கேட்டார்கள். பெரியம்மா எல்லோரிடமும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

எனக்கு 'டயப்பர் மாப்பிள்ளை' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் போலவும் என்னைப் போலவும் குரல் மாற்றிக் கல்பனா இந்தக் கதையைச் சொல்வாள். அதைச் சொல்வதற்காகவே இப்போது ஒரு கல்யாணம் விடாமல் போகிறாள்.