நடுவில் நின்ற மேசை

விழா நடத்திப் பழகிய தமிழனுக்குக் காலியான திடலைக் காட்டவே கூடாது. காட்டினால் அவன் அதில் கதிரை அடுக்கிவிடுவான். நான் அடுக்கியவன். மொத்தம் அறுபத்திரண்டு கதிரைகள், நடுவில் நடக்க வழிவிட்டு, முன்வரிசைக்கு வெள்ளைத் துணியும் போட்டு.

ஜெர்மனியின் ஹம் நகரில் பிறந்தநாளோ, பெண்பிள்ளையின் சாமத்தியவீடோ, கலைவிழாவோ, ஒலிபெருக்கி என்னுடையதுதான். தொகுத்து வழங்குவதும் நான்தான். (பகலில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் கோப்பை கழுவுகிறேன். அங்கே யாரும் எனக்கு மாலை போடுவதில்லை.) ஒலிவாங்கியைக் கையில் பிடித்துவிட்டால் ஜெர்மன் நாட்டு ஜனாதிபதியே கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்கு இருந்தது.

அந்தச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவள் சொகா. கம்போடியாக்காரி. நாங்கள் பேசுவது ஜெர்மனில்தான். இருவருடைய ஜெர்மனும் ஒரே அளவுக்கு நொண்டி என்பதால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே புரியும். ஒருநாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டுத் தருவாயா? என் அக்காவுக்காக."

அவளுடைய அக்கா போபா. கணவர் இறந்து இரண்டு வருடம். அதற்குப் பிறகு டாக்டரிடம் போவதைத் தவிர வீட்டை விட்டு இறங்கவே இல்லை. புனோம்பென்னில் இருந்த காலத்தில் பின்னேரமானால் ஊரே ஆற்றங்கரைக்கு வந்துவிடுமாம். யாராவது ஒரு ஒலிபெருக்கியை வைத்துப் பாட்டுப் போட, தெரிந்தவர், தெரியாதவர், வியாபாரி, பொலிஸ்காரர் எல்லோரும் ஆடுவார்களாம். போபாவும் கணவரும் அங்கே தவறாமல் ஆடிய பாட்டு ஒன்று உண்டு. போபா சிறுமியாக இருந்தபோது தியேட்டரில் பார்த்த படத்துப் பாட்டு அது. பிறகு வந்த கொடுமையான காலத்தில் அந்தப் படச்சுருள் அழிந்துபோனது. பாட்டு மட்டும் ஒரு கசெட்டில் தப்பியது.

"ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் திடலில் ஐந்திலிருந்து ஆறு மணிவரை பாட்டுப் போட நகரசபை அனுமதி தந்திருக்கிறது. அக்கா வருவதாகச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு பாட்டுக்கு ஆடினால் போதும்" என்றாள் சொகா. கண் கலங்கியிருந்தது.

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. உருகியதோடு நின்றிருக்கலாம்.

பாட்டுப் போடும் நாள் மதியம் வான் வண்டியில் சாமான் ஏற்றும்போதே என் மனைவி வதனா கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை பாட்டுப் போடத்தானே கேட்டது? உந்தக் குத்துவிளக்கு என்னத்துக்கு?"

"விழா எண்டால் விளக்கு வேணும்."

"அவை விழா எண்டு சொன்னவையோ?"

"அவை சொல்லமாட்டினம். நாங்கள்தான் பாத்துச் செய்ய வேணும்."

"செய்யுங்கோ, செய்யுங்கோ. வேட்டி வேறை."

திடலுக்குப் போனால், நட்டநடுவில் ஒரு மேசை. அதன்மேல் பூச்சாடியும் ஒரு தட்டில் பழங்களும். 'பாவங்கள், விழா வைத்துப் பழக்கமில்லை. மேசையைக் கொண்டுவந்து இப்படியா நடுவில் விட்டுவிட்டுப் போவார்கள்!' என்று நினைத்துக்கொண்டு, அதை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பிரதம விருந்தினர் மேசையாக்கினேன். பின்னால் மூன்று கதிரை, முன்னால் குத்துவிளக்கு. தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

ஐந்து மணிக்குக் கம்போடியர்கள் வந்தார்கள். பட்டுச் சட்டை, தலையில் பூ. கதிரைகளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். (இது நகரசபையின் சட்டம் என்று நினைத்தார்களாம். பிறகுதான் தெரிந்தது.) சொகா என்னிடம் வந்து வாயைத் திறந்தாள். "நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே" என்று சொல்லி அவளையும் உட்காரவைத்தேன்.

போபா அக்கா ஊதாப்பட்டு உடுத்து, தங்கையின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு ஓரத்தில் நிற்கப் பார்த்தவரை நான் விடுவேனா? அழைத்துப்போய் விருந்தினர் மேசையில் இருத்திப் பொன்னாடை போர்த்தினேன். அவர் கைகூப்பினார். நானும் கூப்பினேன். அவர் மறுபடி கூப்பினார். வதனா மட்டும் தலையில் கைவைத்தாள்.

விளக்கு காற்றுக்குப் பற்றவில்லை. நான்கு பேர் துணி பிடித்து மறைக்க, ஒரு பெட்டி நெருப்புக்குச்சி முடிந்தது. பிறகு இறந்தவர்களுக்காக ஒரு நிமிட அகவணக்கம். அதன்பிறகு என் வரவேற்புரை. மூன்று பக்கம், ஜெர்மனில். தமிழர் நாகரிகமும் கம்போடியாவும் என்று தொடங்கி, கடாரம் கொண்டவன்வரை போய்விட்டேன். கம்போடியாவுக்கும் கடாரத்துக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழியில் போன ஒரு ஜெர்மன்காரர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, இது எந்தக் கட்சியின் கூட்டம் என்று பக்கத்தில் விசாரித்தார்.

"அடுத்ததாக ஆசியுரை..." என்று நான் திரும்பியபோது விருந்தினர் கதிரை காலி. போபா அக்கா பொன்னாடையோடு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சொகா அழுதபடி எழுந்து நின்றாள்.

"மேசை நடுவில் இருக்க வேண்டும். அதைச் சுற்றித்தான் நாங்கள் ஆடுவோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மணி ஐந்து நாற்பது. வதனா என் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்தாள்.

"இனி வாயைத் துறந்தியளோ, தெரியும்! ஓடுங்கோ, போய் அந்த மனிசியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஹம் நகரம் அப்படியொரு காட்சியை முன்பு கண்டிருக்காது. அவர் முன்னால் போய் நின்றபோது எனக்கு ஜெர்மன் முழுவதும் மறந்துபோனது. "அக்கா, பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தமிழில் சொன்னேன். வெட்கத்தில் எனக்கே அழுகை வந்தது. அவர் தலையை ஆட்டினார், என்னைச் சுற்றிக் கடந்து மேலே நடந்தார்.

அப்போதுதான் வதனா பாட்டைப் போட்டாள். முதலில் கசெட்டின் இரைச்சல், பிறகு கிற்றார், பிறகு ஒரு பெண் குரல். போபா அக்கா நின்றுவிட்டார். அரைப்பாட்டுவரை அப்படியே நின்றார். பிறகு திரும்பி, என்னைத் தாண்டி, கதிரை வரிசைகளுக்கு நடுவே நேரே மேசைக்குப் போனார். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பின்னால் ஓடிவந்த நான் மறுபக்கத்தைப் பிடிக்க, மேசை நடுவை நோக்கி நகர்ந்தது. கம்போடியர் முழுப்பேரும் கதிரைகளை அள்ளி ஒதுக்கினார்கள். கட்சிக் கூட்டத்துக்கு வந்த ஜெர்மன்காரரும் நான்கைத் தூக்கினார்.

போபா அக்கா மேசையைச் சுற்றி ஆடினார். மெல்லிய காலடி, வளைந்து திரும்பும் விரல்கள், வாய்க்குள் பாட்டு. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. மற்றவர்கள் பின்னால் சேர, வட்டம் பெருத்தது. பாட்டு முடிந்ததும் விரலை உயர்த்தினார்: இன்னொருமுறை. ஆறு மணிக்குள் அதே பாட்டை வதனா நான்கு தடவை போட்டாள். கடைசித் தடவை என்னையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். நான் ஆடியதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த மாதமும் அனுமதி கிடைத்தது. இந்தமுறை நான் வேளைக்கே போனேன், ஒலிபெருக்கியோடு மட்டும். நாலு மணிகூட ஆகவில்லை. திடலில் யாரும் இல்லை, போபா அக்காவைத் தவிர. தனியாகப் பஸ் பிடித்து வந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்துக் கைகூப்பினார். உடனே இரண்டு கையையும் நடுவில் இருந்த மேசைமேல் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

இன்றுவரை ஒவ்வொரு மாதமும் எனக்கு முன்னால் வந்து மேசைக்குக் காவல் நிற்கிறார். எங்கள் வீட்டிலோ, தரையைக் கூட்டுவதற்காக நான் சாப்பாட்டு மேசையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் போதும், வதனா ஃபோனைக் கையில் எடுத்துவிடுவாள்.

"அதிலை கை வையாதேங்கோ. போபா அக்காவைக் கூப்பிடுவன்."