குடுமிக்குள் போன துவக்கு ஊசி

இந்த வருசம் வயல் வட்டைக் காவலுக்குப் போவதே இல்லை. நெல் விளையட்டும், பன்றி தின்னட்டும், வானம் இடிந்து விழட்டும். குருக்கள்மடத்தை விட்டு ஓரடி நகர மாட்டேன். இப்படி ஒரு வீர சபதத்தை வாய்க்குள்ளேயே எடுத்துக்கொண்டேன். வெளியே எடுத்தால் சீதேவிப்பிள்ளைக்குக் கேட்டுவிடும்.

சீதேவிப்பிள்ளை என் மனைவி. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். ஆகவே வீடு அவளுடையது. வளவு அவளுடையது. வாவிக்கு அக்கரையில் இருக்கும் வட்டையில் வயலும் அவளுடையது. அழகரத்தினமாகிய நான் கொண்டுவந்தவை இரண்டே இரண்டு. தலையில் ஒரு குடுமி, தோளில் ஒரு வேட்டைத் துவக்கு.

கதிர் வந்துவிட்டால் அறுவடை முடியும்வரை தோணியேறி அக்கரைக்குப் போய், பரணில் குந்தியிருந்து பன்றி கலைக்க வேண்டும். அங்கே இரத்தம் குடிக்கும் நுளம்புகள் என்னை இன்னும் தூக்கிக்கொண்டு போகாததற்குக் காரணம், யார் தூக்குவது என்று அவைகளுக்குள் சண்டை தீராததுதான். இக்கரையிலோ நல்லரத்தினத்தின் கடைக்குப் பின்னால் பகல் முழுவதும் கடுதாசி விளையாட்டு, சீட்டாட்டம்தான். அதற்கு நாலு கை வேண்டும். நாலாவது கை நான். நான் போனால் ஆட்டமே கலைந்துவிடும். ஊருக்காக ஒரு மனிதன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

யோசித்தேன். துவக்கில்லாத புருசனைச் சீதேவி பன்றிக்கு முன்னால் அனுப்ப மாட்டாள். அவ்வளவு அன்பு உண்டு. ஆகவே துவக்கைக் கழற்றி, தோட்டாவைக் குத்தும் ஊசியை எடுத்தேன். ஈர்க்குத் துண்டளவு இரும்பு. எங்கே ஒளிப்பது? வீட்டில் அவள் கை போகாத மூலை கிடையாது. எனக்கே சொந்தமான இடம் ஒன்றுதான் இருந்தது. குடுமிக்குள் செருகிக்கொண்டேன்.

"சீதேவி! மோசம் போனம் புள்ள! துவக்கு ஊசி உடைஞ்சு எங்கயோ விழுந்திட்டு!"

"அதுக்கென்ன, வேற வாங்கிப் போடுங்க."

"வாங்கிறதா? இது வெள்ளைக்காரன்ட பாட்டன் காலத்துச் சாமான். மற்றத் துவக்கெல்லாம் தோட்டாக்கு நடுவில குத்தும். இது விளிம்பில குத்துற சாதி."

"உங்களப் போலதான். ஒரு காரியத்துக்கும் நடுவுக்கு வராது."

"பகிடி விடாத. ஏறாவூருக்குப் போய்க் கச்சி முகம்மது காக்காட பழைய இரும்புக்குள்ளதான் தேடோணும்."

"தேடுங்க. ஊசி வாறவரைக்கும் வட்டைக்குப் போக வேணாம். பன்றி ஆக்களக் கிழிச்சுப் போடும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்லவள்!

மறுநாள் தொடக்கம் ஏறாவூர்ப் பயணம். சீதேவி சோறும் மீன்கறியும் கட்டித் தருவாள். நான் தெருமுனை மட்டும் ஏறாவூரை நோக்கி நடப்பேன். பிறகு நல்லரத்தினத்தின் கடைக்குள் நுழைந்துவிடுவேன். பின்னேரம் கால் நிறையப் புழுதியைப் பூசிக்கொண்டு வீடு திரும்புவேன்.

"கிடைச்சுதா?"

"எங்க! காக்காட கடையக் கவிழ்த்துக் கொட்டியாச்சு. ரெயில் ஆணி கிடக்கு, வண்டில் அச்சு கிடக்கு. ஊசி மட்டும் இல்ல. மாங்கேணியில ஒருத்தன்ட்ட இருக்காம்."

"பாவம், என்ன அலைச்சல்! இந்தாங்க, இன்னொரு முட்ட."

இப்படியே நான் கொழுத்துக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு கரைச்சல். ஊசி மண்டையில் குத்திக்கொண்டே இருந்தது. கை தானாகப் போய்ச் சொறியும்.

"என்ன, தலையப் பிய்க்கிறீங்க? பேன் போல. குந்துங்க, பாக்கிறன்."

"பேனா? எனக்கா? வேணாம் புள்ள!"

என் கால் ஓடத் தொடங்கும் முன்பே அவள் கை குடுமியைப் பிடித்துவிட்டது. ஊரில் உள்ள தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். எந்தத் தெய்வம் கேட்டதோ, அவள் பேன் தேடிக்கொண்டே இருந்தாள். விரல்கள் இதமாக ஊர்ந்தன. சோறும் முட்டையும் சேர்ந்து கண்ணைச் சொருகின. விழித்தபோது குடுமி இறுக்கிக் கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே இரும்பு பத்திரமாக இருந்தது. என் முடியின் அடர்த்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரு மாட்டு வண்டில். இறங்கியவர் ஏறாவூர்க் கச்சி முகம்மது காக்கா. சீதேவிதான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"என்ன மச்சான், உங்கட தலக்கறுப்பைக் கண்டு வருசக்கணக்காச்சே!" என்றார்.

நல்லவேளை, சீதேவி தேத்தண்ணி ஊற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

"காக்கா, இந்தத் துவக்குக்கு ஊசி கிடைக்குமா?"

"இதுக்கா? லங்கா முழுக்கத் தேடினாலும் கிடையா தங்கச்சி."

"அப்ப இது இனி வெடிக்கவே வெடிக்காதா?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "சும்மா விறகுக் கட்ட! இந்தா, தோட்டாவப் போட்டே அழுத்துறன். பார்!"

தென்னையைக் குறி பார்த்து, படத்துக்கு நிற்பவனைப்போல் நின்று, விசையை அழுத்தினேன்.

டுமீல்!

ஒரு குலைத் தேங்காய் கீழே. கோழிகள் கூரைமேல். காக்கா வண்டிலுக்கு அடியில். என் கையோ, நான் சொல்லாமலே குடுமிக்குள். இழுத்துப் பார்த்தேன். சீதேவியின் உடைந்த கொண்டை ஊசி.

"அங்க என்னத்தத் தேடுறீங்க?"

"பே... பேன்."

"அது நேற்றே பிடிபட்டிட்டு. இரும்புப் பேன். துவக்குக்குள்ள விட்டிட்டன். வருசா வருசம் நீங்க கழற்றிப் பூட்டுறதப் பாத்துக்கொண்டுதானே இருக்கன். விடியத் தோணி வருது. மூட்ட கட்டி வெச்சாச்சு."

விடிந்தது. துறைக்குப் போனேன். தோணியில் நல்லரத்தினமும் மற்ற இரண்டு கூட்டாளிகளும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் மனைவிமாருக்கும் அதே வட்டையில்தான் வயல். அழகரத்தினத்தின் துவக்கு வராமல் நாங்கள் எப்படிப் போவது என்று சொல்லித்தான் அவர்களும் இத்தனை நாள் தப்பியிருந்தார்கள். துவக்கு வந்துவிட்டது. மூன்று பேரும் என்னைக் கொல்வதுபோல் பார்த்தார்கள்.

தோணி நகர்ந்தது. திடீரென்று எனக்கு மூளை வெளித்தது. நாலு பேர்! நாலு கை! நுளம்பாவது பன்றியாவது, பரணிலேயே ஆட்டத்தைப் போடலாமே! மூட்டையை அவிழ்த்தேன். அரிசி இருந்தது, கருவாடு இருந்தது, பாய் இருந்தது. என் கடுதாசிக் கட்டைக் காணவில்லை.

கரையில் எங்கள் நாலு பேரின் மனைவிமாரும் வரிசையாக நின்றார்கள்.

"சீதேவி! அந்தக் கடுதாசிக் கட்ட எடுத்து எறி புள்ள!" என்று கத்தினேன்.

"நல்ல கத!" என்றாள் சீதேவி. "நீங்க வாறவரைக்கும் நாங்க நாலு பேரும் என்னத்த விளையாடுற?"