மேர்ட்டில் என்ற ஒருத்தி

கொழும்பில் சி.ஐ.டி. அண்ணையின் சந்தேகத்துக்குத் தப்பிய ஜீவன் ஒன்றுகூட இல்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று மாட்டையே வாசலுக்குக் கூட்டிவரச் சொன்னார். கண்முன்னே கறந்த பாலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாடு வழியில தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கு" என்றார்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணத்துக் கிளார்க்குமார் ஆறு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணைதான் எங்களில் மூத்தவர். துறைமுகத்துச் சுங்கத்தில் பெட்டிகளை உடைத்துச் சோதிக்கும் உத்தியோகம். வேலை முடிந்து வந்ததும் எங்களைச் சோதிப்பார். சி.ஐ.டி. என்று நாங்கள் வைத்த பட்டத்தில் அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

என் கந்தோரில் தலைமைக் கிளார்க் ஒரு பறங்கித் துரை. செடிப் பைத்தியம். உடம்புக்கு முடியாமல் பண்டாரவளைக்கு இரண்டு மாத லீவில் போகும்போது, பிஸ்கட் தகரத்தில் வளர்த்த ஒரு சிறு செடியை என்னிடம் ஒப்படைத்தார். சின்னச் சின்ன இலை. கசக்கினால் நல்ல வாசம். அதை என் அறை ஜன்னலில் வைத்தேன்.

"உதென்ன?" என்றார் அண்ணை.

"மருதோன்றி மாதிரி ஒண்டு."

"கலியாணமாகாத உனக்கென்னத்துக்கு மருதோன்றி?"

பிறகு துரையின் தபால் அட்டைகள் வரத் தொடங்கின. தபால்காரன் கேற்றைத் திறக்குமுன்பே அண்ணை கை நீட்டிவிடுவார். "மஹத்தயாட்ட நெவெய், அர மஹத்தயாட்ட" (உங்களுக்கல்ல, அந்த ஐயாவுக்கு) என்று அவன் தலையில் அடித்துக்கொண்டாலும் விடமாட்டார். ஒரு அட்டையில் துரை இப்படி எழுதியிருந்தார்: "மேர்ட்டில் சுகமா? காலை வெயிலில் மட்டும் நிற்க விடு. அவளை யாருக்கும் காட்டாதே. பார்த்தால் கேட்பார்கள்."

அண்ணை ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. என் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். ஹெவ்லொக் டவுன்வரை என்னைப் பின்தொடர்ந்தார். கடைசியில் ஊரிலிருந்த என் ஐயாவுக்கு எழுதினார்: "தங்கள் புத்திரன் மேர்ட்டில் என்னும் ஒருத்தியைப் பொறுப்பெடுத்து வைத்திருக்கிறார். இப்படிக்கு, நலன்விரும்பி."

அதையும் தபால் அட்டையில் எழுதினார். கடித உறையென்றால் யாராவது ஆவியில் பிடித்துத் திறந்துவிடுவார்களாம். அட்டையில் திறக்க ஒன்றுமில்லையாம். ஊர்த் தபாற்கந்தோர் முழுக்க அதைப் படித்தது.

ஐயா அடுத்த ரயிலில் வந்து இறங்கினார். குடையைக்கூட மடக்கவில்லை.

"ஆரடா மேர்ட்டில்?"

ஜன்னலைக் காட்டினேன். ஐயா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணை சிரிக்கவில்லை. "செடிக்கு ஏன் பொம்பிளைப் பேர்?"

"செடியின்ர பேரைத்தான் பொம்பிளையளுக்கு வைக்கினம், அண்ணை. மல்லிகா எண்டு வைக்கிறேல்லையோ?"

நம்பாமல் அண்ணை நூல்நிலையத்துக்குப் போனார். மறுநாள் பின்னேரம் ஒரு தாளோடு வந்தார். "கிரேக்கச் சொல்லாம். வெள்ளைப்போளம் எண்ட வாசனைப் பிசினின்ர பேருக்குச் சொந்தக்காரப் பேர், வாசம் எண்டு கருத்து எண்டு சிலர் சொல்லினம். படிச்ச ஆக்களுக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாத பேர்!" மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அங்க அது காதல் தெய்வத்தின்ர செடியாம். கலியாணப் பொம்பிளையின்ர கையில குடுக்கிறவையாம். இப்ப சொல்லு, உன்ர துரை ஏன் அதை உன்னட்டைத் தந்தவர்?"

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அடுத்த கிழமை ஐயாவின் கடிதம் வந்தது. எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டையின் சங்கதி அவர்கள் காதுக்கும் போயிருந்தது. அந்தப் பெண்ணைக் கோயில் வீதியில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன். அது போதுமாக இருந்தது எனக்கு. கடிதத்தை அண்ணையின் மேசையில் வைத்துவிட்டு, அவரோடு கதைப்பதை நிறுத்தினேன்.

இரண்டு நாளில் அண்ணையைக் காணவில்லை. எத்தனையோ வருஷமாக லீவே எடுக்காத மனிதர் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சுங்கத்தில் சொன்னார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு கிழமை கழித்து, வெயிலில் கறுத்து, செருப்பெல்லாம் செம்மண்ணோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பொம்பிளை வீட்டுக்குப் போனனான். அந்த அட்டை எழுதின விசரன் நான்தான் எண்டு சொன்னனான். செடியின்ர கதையையும் சொன்னனான். பெட்டை உள்ளுக்குள்ள நிண்டு சிரிச்சுது."

நான் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தகப்பன் கேட்டார், பெடியன் எப்பிடி எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"நல்ல பெடியன் எண்டன்."

பிற்காலத்தில் பெரிய பெரிய மனிதர்களெல்லாம் எனக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றையும் நான் பத்திரப்படுத்தவில்லை. அண்ணை சொன்ன அந்த இரண்டு சொல்லைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.