பின்விளக்கு பல்பும் ஒன்பதாம் பொருளும்

ஒளிக்காக மனித குலம் நடத்திய போராட்டங்கள் எத்தனையோ. அவற்றில் தலையாயது, எங்கள் தொன்மைக் கார் காப்புச் சங்கம் ஒரு பல்புக்காக ஐந்து நாள் நடத்திய போராட்டம்தான். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். எங்கள் குறிப்பேட்டைப் புரட்டினால் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் "வராதவர்கள்" என்றொரு கட்டம் உண்டு. பதினோரு வருடமாக அதில் "எவருமில்லை" என்றுதான் எழுதி வருகிறேன்.

தலைவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். அவருடைய கார் அவரைவிட ஆறு வயது மூத்தது, அவரைவிடப் பளபளப்பானது. திங்கட்கிழமை காலை அதன் இடது பின்விளக்கு எரியவில்லை. அத்தான் பல்பைப் பிடித்துத் திருகினார். கண்ணாடி மட்டும் கையோடு வந்தது. களிம்பேறிய பித்தளை அடிப்பாகம், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, அசைவேனா என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

இதில் அவசரம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வேலையில் கடைசி நாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் டாக்டர் பக்கத்தில் நின்று குறடு எடுத்துக் கொடுத்தவள். அத்தனை வருடமும் பஸ்தான். கடைசி நாள் மட்டும் சாயங்காலம் நாலரை மணிக்குக் காரோடு வாசலில் வந்து நிற்பதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அதை டாக்டரிலிருந்து கூட்டுகிற அம்மா வரை ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

"இவ்வளவுதானா? நகருங்க, ரெண்டு நிமிஷத்துல பிடுங்கித் தரேன்," என்றாள் திங்கட்கிழமையே.

அத்தான் விளக்கை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். "இது பல்லு இல்லம்மா, அசல் பாகம். கமிட்டி கூடித்தான் முடிவெடுக்கணும்."

"அப்ப லைட்டு இல்லாமலே வாங்க. பட்டப்பகல்லதானே வரப்போறீங்க?"

இதற்குத் துணைத் தலைவரான வக்கீல் பதில் சொன்னார். அவரே இயற்றிய பதினான்காம் விதிப்படி, குறையுள்ள கார் வாசல் தாண்டக் கூடாது. "விதிக்கு ஏதுங்க பகலும் ராத்திரியும்?" என்றார். பேசுகிறவருக்குத் தகுதி வேண்டாமா? அவர் கார் எட்டு வருடமாக வாசல் தாண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை "ஆய்வு" நடந்தது. பொருளாளரான பெயின்ட் கடைக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்து, நாற்பது படம் எடுத்து, "மாட்டிக்கிச்சு" என்று அறிக்கை கொடுத்தார். புதன்கிழமை ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா என்று விவாதித்தோம்.

"விடலாம். ஆனா இந்தக் காலத்து எண்ணெய் ஆகாது," என்றார் அத்தான். "கார் பொறந்த வருஷத்து எண்ணெய்தான் விடணும்."

"அது எங்கங்க கிடைக்கும்?"

"அதைத் தேடத்தான் ஒரு துணைக் கமிட்டி."

துணைக் கமிட்டி வியாழக்கிழமையே, கிடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த வேகத்தைப் பாராட்டித் தீர்மானம் போட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, உன்னைத்தான் நம்பியிருக்கேன். நாலு மணி ஆனதும் அவருக்கு ஞாபகப்படுத்து. நம்ம கார் கிளம்பலைன்னா வாடகைக் கார்லயாவது வரச் சொல்லுடா."

"நீ கவலைப்படாம போக்கா," என்றேன். மறந்துவிடக் கூடாதே என்று, அன்றைய கூட்ட நிரலில் ஒன்பதாம் பொருளாக உடனே எழுதியும் வைத்தேன்.

கார் கொட்டகையில் இரண்டு மணிக்குக் கூடினோம். சங்க வழக்கப்படி கைபேசிகளை அணைத்துத் தட்டில் வைத்தாயிற்று. நாலு மணிக்கு நாலாம் பொருள் ஓடிக்கொண்டிருந்தது: பழைய பல்பு வெளியே வந்தபின் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா, வெல்வெட் பையில் வைப்பதா? நான் எழுந்தேன்.

"தலைவர் அவர்களே, ஒன்பதாம் பொருள்..."

"நாலுலயே நிக்கிறோம், நீ ஒன்பதுக்குத் தாவறியே! எல்லாம் வரிசைப்படி வரட்டும்."

வரிசை என்றால் வரிசைதானே. உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணிக்குத் தெருமுனையில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்தாள். ஒரு கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் சின்ன மரப்பெட்டி. சத்தம் போடுவாள் என்று பார்த்தோம். பெட்டியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று ஒரு பல் பிடுங்கும் குறடு, ஆஸ்பத்திரியில் கொடுத்த நினைவுப் பரிசு. முப்பத்தோரு வருடம் என்று கைப்பிடியில் பொறித்திருந்தது.

"நகருங்க."

இந்த முறை யாரும் மறைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். பிடித்தாள், உள்ளே ஒரு அழுத்து, லேசாக ஒரு திருப்பு. பித்தளை எங்கள் டீத் தட்டில் டக்கென்று விழுந்தது. திங்கட்கிழமையே வாங்கி வைத்திருந்த புது பல்பைச் செருகினாள், எரிந்தது. நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "முடிஞ்சிருச்சு, வாயை மூடிக்கலாம்," என்றாள்.

வக்கீல்தான் முதலில் மூடித் திறந்தார். "இனி கார் தாராளமா வாசல் தாண்டலாம்!"

"ஏறும்மா," என்றார் அத்தான், நிஜமாகவே சந்தோஷத்தோடு. "இப்பவே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம்."

"அங்க யாருங்க இருக்கா? பூட்டியாச்சு. அஞ்சு மணி வரைக்கும் எல்லாரும் என்கூட வாசல்லதான் நின்னாங்க. அப்புறம் 'வந்துடுவாருங்க, வந்துடுவாருங்க'ன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டு ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "நீ அவருகிட்ட சொன்னியாடா?"

"ஒன்பதாம் பொருளா வச்சிருந்தேன்க்கா."

அக்கா குறட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். பூங்கொத்து கார்மேலேயே கிடந்தது. கீறல் விழுமே என்று அத்தான்கூட அதை எடுக்கச் சொல்லவில்லை.

நான் குறிப்பேட்டை எடுத்தேன். பல்பு அகற்றப்பட்டது என்று எழுதினேன். அசல் தன்மை முழுமையாகக் காக்கப்பட்டது, உறுப்பினர் அனைவருக்கும் பாராட்டு என்று எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோதுதான், பதினோரு வருடப் பழக்கமிருந்தும், "எவருமில்லை" என்று எழுதக் கை வரவில்லை.

வராதவர்கள்: அனைவரும்.

காரணம்: கூட்டத்தில் இருந்தோம்.