ஷிஃப்ட் முடிந்ததும் தீர்க்கதரிசனம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நைட் ஷிஃப்ட் விட்டதும் கம்பெனி பஸ்கள் எல்லாம் ஒரே இடத்தில் காலியாகின்றன. டீக்கடை வாசலில் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முன்பு குடோனாக இருந்து, இப்போது 'அக்கினித்தூண் ஜெப அரங்கம்' ஆகிவிட்ட தகரக் கொட்டகையின் வாசலில்!

கூரைதான் தகரம். உள்ளே ஏசி, பெரிய பெரிய எல்இடி திரைகள், டிரம்ஸ், தலைக்கு மேலே பறந்து படம் பிடிக்கும் ட்ரோன். இத்தனைக்கும் அதிபதி அப்போஸ்தலர் தீர்க்கதரிசி டாக்டர் ராபின். எந்தக் கல்லூரி டாக்டர் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் எல்லாம் விசுவாசம் குறைந்தவர்கள்.

பக்கத்துத் தெருவில் பழைய சபை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அங்கே மோசஸ் பாஸ்டர் அதே பிரசங்கத்தை அதே ராகத்தில் சொல்கிறார். முதல் பெஞ்சிலேயே குறட்டை கேட்கிறது. ராபினிடம் யாராவது தூங்க முடியுமா? காது கிழிந்துவிடும். அங்கே தாமதமாகப் போனால் முறைப்பார்கள். இங்கே ஏ ஷிஃப்டுக்கு ஓர் ஆராதனை, பி ஷிஃப்டுக்கு ஓர் ஆராதனை, வர முடியாதவர்களுக்கு யூடியூபில் நேரலை. நெற்றியில் குங்குமத்தோடு வருபவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை அம்மன், ஞாயிற்றுக்கிழமை ராபின். நம் ஜனங்கள் எந்தக் கவுன்டரையும் விடுவதில்லை. இந்தப் போட்டியைத் தாங்காமல் அம்மன் கோயில் பூசாரி வாட்ஸ்அப்பில் குறி சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அது தனிக்கதை.

ராபின் எல்லோரையும் கவர்ந்தது ஓர் அறிவிப்பால்தான்.

"ஷிஃப்ட் முடிஞ்சா ஊட்டுக்குப் போய் டிரஸ் மாத்திக்கினு வரணும்னு இல்ல. அப்படியே யூனிஃபார்மோட வாங்க. அதான் உங்க யுத்த கவசம்!"

கூட்டம் உருகிவிட்டது. வேர்வைச் சட்டைக்கு மரியாதை கொடுத்த மகான் அல்லவா! காக்கியும் நீலமும் சாம்பலுமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்துக்குள் ராபின் இறங்கி வருவார். யாராவது ஒருவருக்கு முன்னால் போய் நிற்பார். மேலும் கீழும் ஒரு பார்வை. அப்புறம் கண்ணை மூடுவார். தரிசனம் வந்துவிடும்.

அப்படித்தான் சாலமோனுக்கும் வந்தது. இரும்பு உருக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. காக்கிச் சட்டை, கழுத்தில் பச்சை நாடாவில் அட்டை.

"மகனே! உன் கைகளில் அக்கினியின் வாசனை வீசுகிறது! கான்ட்ராக்ட் என்னும் நுகத்தடி உன் கழுத்தை அழுத்துகிறது! ஒரு தேர்வு உன் முன்னால் நிற்கிறது. எழுதாதே! மனுஷன் வைக்கும் தேர்வை நம்பாதே. பெர்மனென்ட் ஆர்டர் உன் வாசலைத் தட்டும்!"

சாலமோன் தேம்பித் தேம்பி அழுதார். ராபினும் அவர் தலையில் கை வைத்து அழுதார். கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தேர்வு வைத்து நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு அந்தக் கம்பெனி கேட்டிலேயே ஒட்டியிருந்தது யாருக்கும் நினைவு வரவில்லை. எழுதாதே என்று சொன்னதிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. எழுதினால் ரிசல்ட் வரும். ரிசல்ட் வந்தால் தீர்க்கதரிசிக்கு ஆபத்து. எழுதாதவனுக்கு நம்பிக்கையை மட்டும் வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

தேர்வு அடுத்த திங்கட்கிழமை. வயது வரம்பு நெருங்கிவிட்டதால் சாலமோனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அவர் மனைவி ஹெலன் விடவில்லை.

"இன்னாய்யா, பரிச்சைக்குப் போவ மாட்டியாமே? உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கிச்சு?"

"ஐயா என்னைப் பத்தி புட்டுப் புட்டு வெச்சாரு ஹெலன். அவருக்கு யாரு சொன்னா?"

"அவரு உன்னைப் பாத்தாரா, உன் சட்டையைப் பாத்தாரா?"

"வாயைக் கழுவு."

ஹெலன் வாயைக் கழுவவில்லை. யோசித்தார். அவர்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் திருமலை, பழவேற்காடு ஏரியில் வலை போடுபவர். கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை.

"உன் இன்னொரு யூனிஃபார்மையும் அட்டையையும் குடு. திருமலையண்ணன் போட்டுக்கினு வரட்டும். நீ சும்மா கட்டம் போட்ட சட்டையில வா. ஆண்டவர் கண்ணைச் சட்டை மறைக்குமா இன்னா?"

"தாராளமா போட்டுக்கட்டும்! வலைக்காரன்னு புட்டு வெப்பாரு, பாரு நீ!"

அந்த விசுவாசம் உண்மையானது. அதுதான் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக்கு முதல் நாள். காக்கிச் சட்டையில் திருமலை முன்வரிசையில் உட்கார்ந்தார். "இந்த ஷூதான் பேஜாரா கீது" என்று முனகினார். ராபின் வந்தார். மேலும் கீழும் ஒரு பார்வை. கண்ணை மூடினார்.

"மகனே! உன் கைகளில் அக்கினியின் வாசனை வீசுகிறது! கான்ட்ராக்ட் என்னும் நுகத்தடி..."

ஓர் எழுத்து மாறவில்லை. சாலமோனின் முகம் வெளுத்தது. முடித்துவிட்டு ராபின் மைக்கைத் திருமலையின் வாயருகே நீட்டினார். "சாட்சி சொல், மகனே!"

"ஐயா, நான் பழவேற்காட்டு ஏரியில வலை போடறவன். என் கையில வீசறது எறா வாசனைங்க. எங்க ஏரியில பரிச்சையெல்லாம் வெக்கறதில்லீங்களே. என்னை யாரு பெர்மனென்ட் பண்ணுவாங்க?"

டிரம்ஸ் நின்றது. ஆனால் ராபின் லேசுப்பட்ட ஆளா?

"அல்லேலூயா! இந்தச் சட்டைக்கு உரியவன் ஒருவன் இருக்கிறான்! அவனுக்காகத்தான் ஆவியானவர் பேசினார்!"

"ஆமென்!" என்றது கூட்டம். கைதட்டல் வேறு.

சாலமோன் எழுந்தார். "அது நான்தான் ஐயா."

ராபின் அவரையும் மேலும் கீழும் பார்த்தார். கட்டம் போட்ட சட்டை. கழுத்தில் அட்டை இல்லை. கண்ணை மூட முடியவில்லை.

"நீ யாருப்பா? இப்பதான் மொத தடவை வர்றியா?"

"போன வாரம் என் தலையில கை வெச்சு அழுதீங்களே ஐயா," என்றார் சாலமோன்.

பின்வரிசையிலிருந்து பூவம்மாள் எழுந்தார். கம்பெனிகளில் பெருக்கும் வேலை செய்பவர்.

"இதுல இன்னா அதிசயம்? ஊழியத்துக்கு வர்றதுக்கு முந்தி நீ லேபர் கான்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசரா இருந்தவன்தானே நைனா? எந்தக் கம்பெனிக்கு இன்னா கலரு, எந்த நாடா கான்ட்ராக்டு, எல்லாம் உனக்கு மனப்பாடம். எனக்கு இந்த நீலக் கோட்டு மாட்டி உட்டதே நீதானே!"

"கேமராவ ஆஃப் பண்ணுங்கடா!" என்று தீர்க்கதரிசி பரலோக பாஷையிலிருந்து சிப்காட் பாஷைக்கு இறங்கினார். நேரலையில் அதுவும் ஒளிபரப்பாகிவிட்டது.

திங்கட்கிழமை சாலமோன் தேர்வு எழுதினார். கணக்கில் இரண்டு கேள்வி தகராறு என்று ஹெலனிடம் சொன்னார். "பரவால்ல, எழுதினியே" என்று ஹெலன் அழுதார்.

இதோடு கொட்டகை காலியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வாரமும் பாதிக் கூட்டம் வந்தது. "விசுவாசத்தைச் சோதிப்பது பாவம், யூனிஃபார்ம் இல்லாமல் வருவோருக்கு இனி தரிசனம் இல்லை" என்று புதுச் சட்டம் திரையில் ஓடியது. அதற்கும் ஆமென் சொன்னார்கள்.

ஐயா, அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவராவது உங்களை மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். நீங்கள் ஏன் பார்க்காமலே மூடிக்கொள்கிறீர்கள்?