நைனாவின் குடலும் என் சந்தேகமும்

யார் எதைச் சொன்னாலும் நம்பாமலிருப்பதை அறிவுக்கூர்மை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். (இலக்கிய மாணவர்களுக்கு இந்த வியாதி எளிதில் தொற்றும்.) அதன் விளைவாக என் நைனா ஒரு பகல் முழுவதும் பட்டினி கிடந்தார்.

பழவேற்காட்டை அடுத்த பசியாவரத்தில் ஏரியில் மீன்பிடித்துப் பிழைக்கும் அவருக்குப் பெருங்குடலில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், சென்னை மருத்துவமனையின் சிஸ்டர் ஒரு பெரிய ஜாடியில் பேதி மருந்தைக் கலக்கி என்னிடம் ஒப்படைத்தார்.

"போறது தெளிஞ்ச தண்ணியா வரணும்மா. இல்லன்னா நாளைக்கு ஆபரேஷன் கிடையாது."

பலமுறை போய்வந்த நைனா, "தெளிஞ்சிடுச்சு கண்ணு" என்றார். எனக்குச் சந்தேகம். தண்ணீர் ஊற்றவிடாமல் தடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே மழைக்காலத்துப் பழவேற்காடு ஏரி.

"இதுவா தெளிவு?"

"இன்னா இப்டி கேட்டுட்ட? இந்தத் தண்ணில வலை போட்டா இறாலு வாரிக்கினு வரலாம்."

ஏரிக்காரரின் அளவுகோல் வேறு என்பது விளங்கியது. மீதி மருந்தையும் குடிக்கவைத்தேன். மறுநாள் கட்டி பத்திரமாக வெளியேறியது. அந்த இடத்தில் என் கர்வம் குடிபுகுந்தது.

வாயு பிரிந்தால்தான் ஆகாரம் என்றார் மருத்துவர். இரண்டொரு நாளில், காலை வேளையில், நைனா மெல்லிய குரலில், "போச்சு கண்ணு. கஞ்சி வாங்கினு வா" என்றார்.

"எனக்குக் கேக்கலையே நைனா."

"கேக்கற மாரி வுட்டா பக்கத்து பெட்டுக்காரரு இன்னா நெனைப்பாரு?"

ஏரித் தண்ணீரைத் தெளிவென்றவரின் சாட்சியத்தை எப்படி ஏற்பது? பசியில் பொய் சொல்கிறார், அவசரப்பட்டுக் கஞ்சி கொடுத்தால் குடல் தையலுக்கு ஆபத்து என்று அஞ்சி, மருத்துவரிடம், "இன்னும் நிரூபிக்கப்படவில்லை, சார்" என்றேன். (இதே சொற்களில்தான்.) கஞ்சி தள்ளிப்போனது. நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாலையில் மருத்துவர் மாணவர் கூட்டத்தோடு வந்து வயிற்றைத் தொட்டதும், வார்டே திரும்பிப் பார்க்கும்படி நெடிய பதிலொன்று எழுந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இது ரெண்டாவது சார்" என்றார் நைனா.

அவர் தேறி மீண்டும் ஏரிக்குப் போகிறார். வீட்டில் அந்த ஒலி எழும்போதெல்லாம், விருந்தாளிகள் இருந்தாலும், அடுப்படியிலிருந்து அம்மா கேட்கிறாள்:

"பாப்பா, காதுல வுழுந்துச்சா? உங்க நைனாவுக்கு சோறு போட்டுடலாமா?"